குணமாவது வேறு, தேறுவது வேறு

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் சந்தையில் அப்பாவைப் பார்ப்பவர்கள் இன்றும் கேட்கிற முதல் கேள்வி, "என்னண்ணே, உடம்பு தேறிடுச்சா?" என்பதுதான். நோய் குணமாகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மீன் கடைக்காரர் கேட்டாலும், தோட்டத்தில் கூட வேலை செய்த பழைய ஆள் கேட்டாலும், தேறிவிட்டதா என்றே கேட்கிறார்கள். நம் பேச்சில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது சும்மா இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நோய் போவது குணமாவது. அடைப்பை நீக்குகிறார்கள், கட்டியை எடுக்கிறார்கள், காய்ச்சல் இறங்குகிறது. அது மருத்துவருக்குத் தெரிந்த வேலை. நோய் போன உடம்பில் பலம் திரும்பி வருவது தேறுவது. வாய்க்கு ருசி தெரிவது, இரவில் தூக்கம் வருவது, யாரையும் பிடிக்காமல் குளியலறைக்குப் போய் வருவது, படுத்திருப்பவருக்கு ‘இனி பிழைத்துக்கொள்வேன்' என்று தைரியம் வருவது, எல்லாம் இதில் அடங்கும். முதலாவதற்கு மருத்துவமனை இருக்கிறது. இரண்டாவதற்கு என்ன இருக்கிறது? "வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு வரி இருக்கிறது. அந்த ரெஸ்டை எங்கே எடுப்பது, யார் பக்கத்தில் இருப்பது, எத்தனை நாள் என்பதெல்லாம் குடும்பத்தின் பாடு.

அப்பாவுக்குக் கோலாலம்பூரில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாகச் செய்தார்கள். எட்டாம் நாள் காரில் அழைத்து வந்தோம். எங்கள் வீடு பெரிய சாலையை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கும் இரண்டு மாடி வீடு. படுக்கையறையும் குளியலறையும் மேலே. கனரக லாரிகள் விடியற்காலை நான்கு மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும். நானும் என் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் அவர் தனியாள். மாலையானால் பார்க்க வருபவர்கள் கூட்டம். ஆளுக்கொரு ஆரஞ்சுப் பையோடு வந்து, தங்களுக்குத் தெரிந்த யாரோ பைபாஸ் செய்து இறந்துபோன கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து நாளில் அப்பா சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சையும் குறைத்தார். தையல் ஆறிக்கொண்டிருந்தது, பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். ஆனால் ஆள் தேறவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். யேல் பல்கலைக்கழகத்து இதய மருத்துவர் ஹார்லன் குரும்ஹோல்ஸ் 2013இல் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடியும் படுக்கைக்கே வருகிறார். அவர்களில் பலர் முதலில் எந்த நோய்க்குச் சேர்ந்தார்களோ அதற்காக வருவதில்லை, வேறொன்றுக்காக வருகிறார்கள். காரணம், மருத்துவமனையில் இருந்த நாள்களே உடம்பை இளைக்க வைத்துவிடுகின்றன என்பது அவருடைய விளக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க எழுப்புவார்கள், ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்க எழுப்புவார்கள். சோதனைக்காகப் பட்டினி. பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகுகிறார். வலி, பயம், புது மருந்துகள், நாள் முழுக்கப் படுக்கை. நோய் குணமாகி வெளியே வருபவர், அந்த நேரத்தில் கீழே விழுவதற்கும் கிருமி தொற்றுவதற்கும் மிகச் சுலபமான நிலையில் இருக்கிறார். அவருக்கு ஓய்வு என்பது மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய ஒன்று.

ஆனால் ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். "நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா" என்று அன்பாகவே சொல்லிச் சொல்லி அவரை முடக்கினோம். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயே இல்லாத 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. பத்தே நாளில்! ஆகவே தேறும் உடம்புக்குத் தூக்கமும் வேண்டும், நடையும் வேண்டும். பைபாஸ் செய்தவருக்கு அறுத்த நெஞ்செலும்பு கூடிவர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். நடக்கக் கூடாது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்கத்தான் சொன்னார்கள்.

அப்பாவைத் தேற்றியது பெரிய அத்தை. லிந்தாங் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பாதிக்குமேல் காலி. அத்தை முப்பது வருடம் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர், இப்போது கோழி வளர்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்தவர், பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, கெளம்பு. என்னோட வந்து இரு" என்றார். அவ்வளவுதான். அப்பா மறுக்கவில்லை. மருந்து டப்பாவை நாள் வாரியாகப் பிரித்து எழுதிக் கொடுத்து, அடுத்த பரிசோதனைத் தேதியையும் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

அங்கே மாடிப்படி இல்லை. முன் திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி. எதிரே மாமரம், அதற்கு அப்பால் செம்பனை. விடியற்காலையில் சேவல் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அத்தை ஐந்தரைக்கு எழுந்து கோப்பி கலக்குவார். அப்பாவுக்கு மட்டும் சீனி இல்லாமல். காலையில் மாமரம் வரை நடை. இரண்டாம் வாரம் கோயில் வரை. நான்காம் வாரம், முன்பு காலையில் வேலையாள் கணக்கெடுத்த பழைய பெரட்டுக் களம் வரை போய் வந்துவிட்டதாகப் போனில் சொன்னார். மதியம் ஹாருவான் மீன், அதாவது நம் விரால், ரசம் மாதிரி தண்ணீராகக் காய்ச்சி. இதை ஏதோ அற்புத மருந்துபோல் நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லோருமே அறுவை சிகிச்சை ஆனவருக்குக் கொடுக்கிறோம். புண் ஆறப் புரதம் வேண்டும், அந்த மீனில் அது நன்றாக இருக்கிறது. முட்டையும் பருப்பும்கூட அந்த வேலையைச் செய்யும்தான். ஆனால் அத்தை மீனைத் தேடி வாங்கி, முள் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாக வைத்துக் கொடுத்ததில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. சாப்பிடச் சொல்வதற்கும் சாப்பிடும்வரை பக்கத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கேதான் பார்த்தேன்.

பார்க்க வருபவர்களை அத்தை வாசலிலேயே அளந்தார். "பத்து நிமிசம் பேசிட்டுப் போங்க, செத்த கதையெல்லாம் வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மூன்றாம் வாரம் அப்பாவிடம் வெங்காயம் உரிக்கும் வேலையைக் கொடுத்தார். நான் பதறினேன். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது பேசாமல் இருந்துவிட்டேன். தன்னால் இந்த வீட்டுக்கு ஒரு உபயோகம் உண்டு என்று தெரிந்த மனிதரின் முகம் அது. பைபாஸுக்குப் பிறகு மனம் சோர்ந்துபோவது பலருக்கும் வருவது. அந்தச் சோர்வு மாத்திரை எதுவும் இல்லாமலே அந்தத் திண்ணையில் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. எல்லோருக்கும் அப்படியே விலகிவிடும் என்று சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மாமரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1984இல் ரோஜர் உல்ரிக் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வலுவான வலிமருந்தும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். இதை வைத்து மரம் நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஏறக்குறைய ஒரே மருத்துவர்கள், ஒரே தாதியர், ஒரே சிகிச்சை இருந்தும், படுத்திருக்கும் இடம் தனியாக ஒரு வேலை செய்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

அப்படிப்பட்ட இடத்தை நான் ‘தேறும் இடம்' என்று சொல்கிறேன். மருத்துவமனைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவில், சில வாரங்கள் தங்கி, கவனிப்போடு பலம் சேர்த்துக்கொள்ளும் இடம். இது நமக்குப் புதிய எண்ணமே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு நாம் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறோம். தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். காயம் என்கிற பிரசவ மருந்து, பூண்டு, பத்தியச் சாப்பாடு, வேது குளியல், பாரம் தூக்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது. மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங் இருக்கிறார்கள். சீனர்கள் ஒரு மாதம் இருக்கிறார்கள், அதற்கென்றே பணம் கட்டித் தங்கும் இல்லங்கள் இந்த நாட்டில் உண்டு. பிரசவ விடுப்பும் 2023 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்புக்கு இடமும் நாளும் ஆளும் வேண்டும் என்று மூன்று இனமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. டெங்கி வந்து எழுந்தவருக்கு, கீமோ முடித்தவருக்கு, கை கால் இழுத்துக்கொண்டு மீண்டவருக்கு, மனநோய் வார்டிலிருந்து திரும்பும் இளைஞனுக்கு மட்டும் ஏன் அது வேண்டாம்? அவர்கள் திரும்பிப் போவது பெரும்பாலும் மலிவு விலை அடுக்குமாடியில் லிப்ட் இல்லாத நான்காவது மாடிக்கு.

பழைய தோட்டங்களில் எல்லாம் இருந்தது என்று கதை கட்டவும் எனக்கு மனம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்கு ஆஸ்பத்திரி வைக்கச் சொன்னது. டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார், மருந்துத் தண்ணீர் இருந்தது. ஆனால் பெரட்டுக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் காய்ச்சலோடும் ஆள்கள் மரத்தடிக்குப் போனார்கள். அத்தையே முதல் பிள்ளைக்குப் பிறகு சீக்கிரமே வாளி தூக்கியவர்தான். இருந்தாலும் தோட்டத்தில் நான் மதிக்கிற ஒன்று உண்டு. ஆயாக் கொட்டகை. தாய்மார் பால் வெட்டப் போன நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை, அதற்கொரு ஆயா, அந்த ஆயாவுக்குச் சம்பளம். பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை என்று அந்தக் கொட்டகை ஒத்துக்கொண்டிருந்தது.

இன்னும் பின்னால் போனால், காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ஆதுலசாலையைப் பற்றியது. ஆதுலர் என்றால் நோயாளிகள். பதினைந்து படுக்கை, படுத்திருப்பவர்களுக்கு அரிசி, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று எல்லாவற்றுக்கும் படியளந்து எழுதியிருக்கிறார்கள். சோறும் கவனிப்பும் மருந்தோடு ஒரே கணக்கில் வந்திருப்பதுதான் என்னை அதை மறுபடி மறுபடி படிக்க வைத்தது. நம் வீடுகளிலோ அந்தக் கவனிப்பு ஒரு மருமகளின் தலையில் கணக்கில்லாமல் விழுகிறது.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில் கடற்கரையிலும் கிராமப்புறத்திலும் தேறுவதற்கென்றே நிறைய இல்லங்கள் கட்டினார்கள். பின்னாளில் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. 1996இல் எடின்பரோவில் வேறொரு வடிவம் பிறந்தது. மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் என்ற பெண்மணி, தனக்குப் புற்றுநோய் வந்த பிறகு, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே நோயாளிகள் வந்து உட்கார ஒரு வீடு வேண்டும் என்று திட்டமிட்டார். திறப்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. மேகி நிலையம் என்று அழைக்கப்படும் அந்த வீடுகளில் கட்டில் கிடையாது. நடுவில் ஒரு சமையலறை மேசை. வருபவர் தானே தேநீர் போட்டுக்கொண்டு உட்காரலாம், அழலாம், ஆலோசனை கேட்கலாம். சிகிச்சை அடுத்த கட்டடத்தில் வழக்கம்போல் நடக்கும். இன்று ஹாங்காங்கிலும் தோக்கியோவிலும்கூட அவை இருக்கின்றன.

சிகிச்சை வழக்கம்போல் நடக்கும் என்றேனே, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். தேறும் இடம் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது, மருத்துவத்துக்கு எதிராக இல்லை. "இந்த மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடு, எங்களிடம் 21 நாள் தங்கு" என்று சொல்கிற இடம் தேறும் இடம் அல்ல, அது ஆபத்து. பாரம்பரிய மருத்துவம் வேண்டும் என்பவர்களுக்கு நாட்டில் 2016ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது, சில அரசாங்க மருத்துவமனைகளில் 2007 முதல் அதற்குத் தனிப் பிரிவும் உண்டு. பதிவு உள்ளவரிடம், உங்கள் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுப் போகலாம். எங்கே தங்கினாலும் சில அறிகுறிகளுக்குத் திண்ணை போதாது: காய்ச்சல், தையலில் சீழ், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று பேச்சு குழறுவது. உடனே ஆஸ்பத்திரி. அத்தை வீட்டுச் சுவரில் பரிசோதனைத் தேதிக்குக் கீழே இதையும் எழுதி ஒட்டியிருந்தோம்.

இதை முதியோர் இல்லத்தோடும் ஹாஸ்பிஸோடும் குழப்பிக்கொள்கிறார்கள். முதியோர் இல்லம் தங்கி வாழ்வதற்கு. ஹாஸ்பிஸ், குணப்படுத்த முடியாத நோயில் வலியைக் குறைத்துத் துணை நிற்பதற்கு. தேறும் இடத்துக்குப் போகிறவர் திரும்பி வரப் போகிறவர்.

அப்புறம் நாள்கள். மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கு 60 நாள் வரை உண்டு, 2023 முதல் அது தனிக் கணக்கு. வேலையில் அடிபட்டவருக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, நான்கு நாளாவது இருந்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறது. பலர் இதைக் கேட்காமலே பாதி உடம்போடு வேலைக்குத் திரும்புகிறார்கள். நாள் கூலிக்கும் குத்தகைக்கும் வேலை செய்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி எட்டுவதில்லை. அவர்களுக்கு ஓய்வு என்றால் அடுப்பு எரியாத நாள். தேறும் இடத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசினால் அது வசதி உள்ளவர்களின் பேச்சாகிவிடும்.

நம் ஊரில் இது முடியுமா? முடியும் என்று நம்புகிறேன். மூன்று அறை, ஒரு திண்ணை, ஒரு மரம், சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் இரண்டு பெண்கள், வாரம் இருமுறை எட்டிப் பார்க்க ஓய்வுபெற்ற தாதி ஒருவர். தோட்டங்களில் காலியான வீடுகள் கிடக்கின்றன, கோயில்களுக்கு மண்டபங்களும் நிலமும் இருக்கின்றன. நான்கு பேரும் அதற்கு மேலும் தங்கிப் பராமரிக்கும் இடமென்றால் பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993இன்படி சமூகநலத் துறையில் பதிய வேண்டும், அதை முறையாகவே செய்ய வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அரசாங்க கிளினிக்கின் குழு வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் இருக்கிறது, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்களின் சிறுகச் சிறுகச் சேர்ந்த மாதச் சந்தாதான் அதன் முதல். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கினார்கள்.

அப்படியொரு தேறும் இடம் வரும்வரை, உங்களுக்கு வேண்டியவர் யாராவது இந்த வாரம் டிஸ்சார்ஜ் ஆகிறார் என்றால், வார்டை விட்டு வருவதற்கு முன் தாதியிடம் கேளுங்கள்: எத்தனை நாள் படி ஏறக் கூடாது, எவ்வளவு நடக்கலாம், என்ன சாப்பிடலாம், எதைக் கண்டால் ஓடி வர வேண்டும். கட்டிலைக் கீழே இறக்கிவிடுங்கள். ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். பார்த்துக்கொள்பவருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுதலை கொடுங்கள். அத்தைக்கு அந்த ஐந்து வாரத்தில் நாங்கள் அதைக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அத்தைக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. தோட்டத்து வீட்டில் குந்தும் கழிப்பறை, அங்கே இருக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை அப்பா காலி செய்து வெள்ளையடித்திருக்கிறார். குளியலறை ஒன்றைப் பக்கத்திலேயே கட்டிச் சுவரில் பிடி வைத்தாயிற்று. லாரிச் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டிலைப் பின்பக்கமாகப் போட்டால் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் தெரிகிறது. அத்தை வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, என் கோழிங்கள யாரு பார்ப்பா?" என்றார். அப்பா அன்று சாயங்காலமே தோட்டத்துக்குப் போய், கூண்டுக் கதவுக்குப் புதுக் கொக்கி மாட்டி, எதிர் வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.